வால்வு வைத்த எக்ஸாஸ்ட் எப்படி வேலை செய்கிறது, மாற்றும்போது எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: இரவுப்பயணி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார். பின் சைலன்சரில் கம்பெனியே வைத்துக் கொடுத்த வால்வு இருக்கிறது. சாதாரண முறையில் ஓட்டும்போது வாயே திறக்காத வண்டி, ஸ்போர்ட் முறைக்கு மாற்றியதும் குரல் தடித்து உறுமத் தொடங்கிவிடும். விடியற்காலை நான்கு மணிக்குப் பணிக்குக் கிளம்புகிறவன் நான். தெருவை எழுப்பாமல் வெளியே போவதும் வேண்டும், மேட்டுப் பாதையில் ஏறும்போது எஞ்சினின் குரலைக் கேட்பதும் வேண்டும். ஆகவே வால்வு இல்லாத எக்ஸாஸ்ட் எனக்கு ஒத்துவராது.

சில வாரங்களாக ஒரு தொல்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன், டம்ளருக்குள் காசைப் போட்டு ஆட்டுவது போன்ற ஓசை இடது குழாயிலிருந்து வருகிறது. எஞ்சின் 1,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1,500 சுற்று) தாண்டினால் நின்றுவிடுகிறது. வண்டி சூடான பிறகு பெரும்பாலும் வருவதில்லை. பணிமனையில் காட்டியபோது சைலன்சர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். எப்படியும் செலவு செய்யத்தான் போகிறோம் என்றால், வெளிச்சந்தையில் கிடைக்கும் வால்வு எக்ஸாஸ்ட் ஒன்றையே போட்டுவிடலாமே என்ற ஆசை அப்போதுதான் முளைத்தது.

வாங்குவதற்கு முன் சிலவற்றைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். வால்வு மூடியிருக்கும்போது புகை எந்த வழியாகத்தான் போகிறது? வால்வு திறந்தால் சக்தி கூடும் என்பது எந்த அளவுக்கு உண்மை? வால்வு வேக்குவத்தில் (உறிஞ்சு விசையில்) இயங்குவது நல்லதா, மின்மோட்டாரில் இயங்குவது நல்லதா? நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதை அழுத்தும் அந்த ‘ம்ம்ம்’ என்ற முழக்கத்தை எப்படித் தவிர்ப்பது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பதினான்காம் ஸ்பேனர்

வண்டிக்கடியில் படுத்தே பாதி வாழ்நாளைக் கழித்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வால்வு என்றவுடன் குழாயை அடைக்கும் மூடி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ரயில் பாதையில் தடம் மாற்றும் கருவிதான் அதற்குச் சரியான உவமை. ஒரு தண்டு, அதன்மேல் பற்றவைத்த வட்டத் தகடு, தண்டைத் திருப்ப வெளியே ஒரு நெம்புகோல் அல்லது மோட்டார். அவ்வளவுதான் அதன் உடல். பின் சைலன்சருக்குள் புகைக்கு இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று, துளையிட்ட குழாய்கள், தடுப்புச் சுவர்கள், அறைகள் என்று சுற்றிச் சுற்றிப் போகும் நீண்ட வழி. மற்றொன்று, ஏறத்தாழ நேராக வெளியேறும் குறுக்கு வழி. தகடு மூடியிருக்கும்போது புகை முழுவதும் நீண்ட வழியில் போகும். திறந்ததும், தடை குறைந்த குறுக்கு வழியையே பெரும்பகுதி தேர்ந்தெடுக்கும். இரட்டை வாய் கொண்ட பல கார்களில் ஒரு வாய் எப்போதும் திறந்தே இருக்கும், மற்றொன்றில்தான் வால்வு இருக்கும். உங்கள் வண்டியைச் சாதாரண முறையில் ஓடவிட்டு, இரண்டு வாய்களுக்கும் சற்றுத் தள்ளிக் கையை வைத்துப் பாருங்கள். ஒன்றில் காற்று வேகமாகவும் மற்றொன்றில் ஏதோ பெயருக்கும் வந்தால், உங்களுடையது அந்த வகை.

அந்த நீண்ட வழியில் ஒலி ஏன் குறைகிறது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அறைகளும் தடுப்புகளும் ஒலி அலையைத் திருப்பி அனுப்பி, வரும் அலையோடு மோதவிட்டு அழிக்கின்றன. கட்டைக் குரலை அடக்குவதில் இந்த முறை கெட்டிக்காரத்தனமானது. துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை போன்ற நார் திணித்த வகையோ, ஒலியின் ஆற்றலை நாருக்குள் வெப்பமாக்கிக் கரைக்கிறது. கீச்சென்ற உயர்ந்த ஒலிகளுக்கு அதுதான் மருந்து, கட்டைக் குரலிடம் அதன் செல்வாக்கு குறைவு. வெளிச்சந்தை எக்ஸாஸ்ட்களில் பெரும்பாலானவை நேர்க்குழாயும் நாரும் கொண்டவை. அவற்றில் பல, வால்வு மூடிய நிலையிலும் கட்டைக் குரலைச் சரிவர அடக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

அடுத்து, தண்டைத் திருப்புவது யார் என்ற கேள்வி. பழைய முறை வேக்குவம். எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் உறிஞ்சு விசை, ஒருவழி அடைப்பான் வழியாகச் சிறு தொட்டியில் சேமிக்கப்படுகிறது. எஞ்சின் கம்ப்யூட்டர், மின்சாரத்தில் இயங்கும் சிறு அடைப்பானான சொலினாய்டு ஒன்றைத் திறக்க, அந்த விசை ரப்பர் சவ்வை இழுத்து நெம்புகோலை அசைக்கிறது. தொட்டி எதற்கு என்றால், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது மேனிஃபோல்டில் வேக்குவமே இருக்காது. டர்போ எஞ்சினில் அங்கே அழுத்தமே ஏறிவிடும். பல வடிவமைப்புகளில் வேக்குவம் வால்வை மூடும், ஸ்பிரிங் திறக்கும். அதாவது ஹோஸ் வெடித்தால் வண்டி சத்தம் போடும், மூச்சுத் திணறாது. ஆறாம் தலைமுறை செவர்லே கார்வெட் வைத்திருந்தவர்கள் ஒரே ஒரு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எந்நேரமும் திறந்த குரலுடன் சுற்றியது இந்தக் குணத்தால்தான். புதிய கார்களில் மின்மோட்டார் இந்த வேலையைச் செய்கிறது. அது பாதி திறப்பு, கால் திறப்பு என்று நடுநிலைகளிலும் நிற்கக்கூடியது. தான் எங்கே நிற்கிறேன் என்று கம்ப்யூட்டருக்குத் திருப்பிச் சொல்லவும் கூடியது. பல மாடல்களில் இக்னிஷன் போட்டவுடன் பின்னால் கேட்கும் மெல்லிய ‘ட்ரிக்’ ஓசை, மோட்டார் தன் இரு எல்லைகளையும் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் ஓசைதான்.

இது புதிய சரக்கு என்று நினைக்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்திலேயே மிட்சுபிஷி 3000ஜிடி விஆர்-4 காரில் ‘டூர்’, ‘ஸ்போர்ட்’ என்று பொத்தானால் மாற்றும் எக்ஸாஸ்ட் இருந்தது. யமஹா 1987-இல் பைக்குகளுக்குக் கொண்டுவந்த எக்ஸப் வால்வும் பார்வைக்கு உறவுக்காரன் போலத்தான் இருக்கும். ஆனால் அதன் வேலை வேறு: குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்த அலைகளைச் சரிப்படுத்தி இழுவையைக் கூட்டுவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு நடக்கும் வாக்குவாதங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இனி உங்கள் காசு ஓசைக்கு வருகிறேன். சைலன்சரை மாற்றச் சொல்லும் முன் அவர்கள் நெம்புகோலைத் தொட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். வண்டி முழுவதும் ஆறிய பிறகு, இடது வால்வின் தண்டை விரலால் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். தண்டைத் தாங்கும் வளையமான புஷ் நன்றாக இருந்தால் அந்தத் திசையில் ஆட்டம் அநேகமாக இருக்கவே கூடாது. ‘டக் டக்’ என்று ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. ஆறிய உலோகத்தில் இடைவெளி அதிகம், ஐட்லிங்கில் புகையின் தள்ளுவிசையும் குறைவு, ஆகவே தகடு துள்ளுகிறது. ஆர்பிஎம் ஏறினால் புகை அதை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்வதால் ஓசை அடங்குகிறது. நீங்கள் சொன்ன அறிகுறிகள் இதனோடு பொருந்துகின்றன. மோட்டாருக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு சிறிய ஸ்பிரிங் இணைப்பு இருந்தால் அது தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு, கையுறை போட்ட முஷ்டியால் சைலன்சரைத் தட்டிப் பாருங்கள். உள்ளிருந்து கலகலவென்று கேட்டால் உட்சுவர் பிய்ந்திருக்கிறது. அப்போது மட்டுமே சைலன்சரை மாற்றும் பேச்சுக்கு நியாயம் உண்டு. வெப்பத் தடுப்புத் தகடு ஒன்றின் போல்ட் தளர்ந்ததற்குச் சைலன்சரையே மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

பதில்: அளவுகோல்

ஸ்பேனர் ஐயா இயக்கத்தை விளக்கிவிட்டார். சக்தி, முழக்கம் ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

“எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் (எதிரழுத்தம்) வேண்டும்” என்ற பேச்சை இனியாவது விட்டுவிடலாம். எஞ்சினுக்குத் தேவைப்படுவது புகையின் வேகமும், சரியான நேரத்தில் திரும்பி வரும் அழுத்த அலையும்தான். எதிரழுத்தத்தை எந்த எஞ்சினும் விரும்புவதில்லை. டர்போ இல்லாத எஞ்சினில் அந்த அலை விளையாட்டு பெரும்பாலும், எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்த் தொகுதியான ஹெடரிலும் அதை அடுத்த குழாயிலும் முடிந்துவிடுகிறது. பின் சைலன்சரில் என்ன செய்தாலும் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது. டர்போ எஞ்சினில், புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்குப் பின்னால் தடை குறைவாக இருப்பது எப்போதும் நல்லது. டர்பைனின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையே அழுத்த வேறுபாடு கூடுவதால் அது சீக்கிரம் சுழன்றெழும். ஆனால் உங்கள் கம்ப்யூட்டர், இவ்வளவு டார்க் (திருப்புவிசை) போதும் என்று குறித்த இலக்கைத் தாண்ட விடாது. ஆகவே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பிந்தைய பகுதியை மட்டும் மாற்றிவிட்டுப் பெரிய சக்தி உயர்வை எதிர்பார்ப்பது வீண். கேட்-பேக் எனப்படும் அந்தப் பகுதியும், பின் சைலன்சரை மட்டும் மாற்றும் ஆக்சில்-பேக்கும் முதன்மையாக ஒலிக்கான செலவு. எடை சற்றுக் குறையலாம், அது கூடுதல் லாபம்.

குழாயின் விட்டத்தைப் பற்றியும் ஒன்று. 63.5 மில்லிமீட்டர் குழாயை 76 மில்லிமீட்டர் குழாயாக மாற்றினால் விட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடியதாகத் தோன்றும்; பரப்போ 40 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும். 2 லிட்டர் எஞ்சினைப் பெரிதாக ட்யூன் செய்யாமல் அவ்வளவு அகலக் குழாயைப் போட்டால் கிடைப்பது கட்டைக் குரலும் கூடுதல் கனமும்தான்.

முழக்கம் எங்கே பிறக்கிறது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்புகள். 2,400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 40 சுற்று, 80 வெடிப்பு. அதாவது 80 ஹெர்ட்ஸ். ஆறு சிலிண்டரில் அதே ஆர்பிஎம்மில் 120 ஹெர்ட்ஸ் வரும். மூடிய கண்ணாடிகளுக்குள் இருக்கும் காரின் உட்காற்றுக்கும், கூரைத் தகட்டுக்கும், டிக்கித் தரைக்கும் இந்தக் கீழ்த்தட்டு அதிர்வெண்களில்தான் ஒத்ததிர்வு இருக்கும். நெடுஞ்சாலையில் டாப் கியரில் எஞ்சின் சரியாக அந்த ஆர்பிஎம்மில் நின்றால், நீங்கள் சொன்ன ‘ம்ம்ம்’ மணிக்கணக்கில் தலைக்குள் உட்கார்ந்துவிடும்.

விற்பவர் காட்டும் டெசிபல் எண்ணை நம்பி ஏமாற வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த எண் பெரும்பாலும் ‘ஏ’ எடையிட்ட டெசிபலில் இருக்கும். அந்த எடையிடல், மெல்லிய ஒலிக்கு நம் காது எப்படிச் செவிசாய்க்கிறதோ அதை ஒட்டிக் கட்டைக் குரலைக் குறைத்து எண்ணும். 80 ஹெர்ட்ஸில் 22.5 டெசிபல் கழிந்துவிடும். 3 டெசிபல் கூடினாலே ஒலியின் திறன் இரட்டிப்பாகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், எவ்வளவு பெரிய பகுதி கணக்கில் காணாமல் போகிறது என்று புரியும். வெளியே நின்று அளந்தபோது மிதமாகத் தெரிந்த எக்ஸாஸ்ட், உள்ளே உட்கார்ந்தவரின் காதை அழுத்துவதில் ஆச்சரியமே இல்லை.

பதில்: தார்ச்சாலை

அந்த ஏமாற்றத்தை நேரில் அனுபவித்தவன் நான் என்பதால் எழுதுகிறேன்.

என் வண்டியும் நான்கு சிலிண்டர் டர்போதான். ஒரு வால்வு எக்ஸாஸ்டின் காணொளியைக் குறைந்தது முப்பது முறையாவது பார்த்திருப்பேன். அதில் வால்வு திறந்த நிலை மட்டுமே இருந்தது என்பது வாங்கி மாட்டிய பிறகுதான் உறைத்தது. முதல் நெடும்பயணத்தில், வால்வை மூடியே வைத்திருந்தும், 2,300-க்கும் 2,500-க்கும் இடையில் பின் இருக்கையில் இருந்த என் மனைவி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்து, கியரை ஒன்று குறைத்து அதிக ஆர்பிஎம்மில் ஓட்டினால் அமைதியாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தேன். அமைதிக்காக எரிபொருளை எரித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

பிறகு கழற்றிப் பார்த்தால், விளம்பரத்தில் இரண்டு வழி என்று சொன்னதன் பொருள் விளங்கியது. உள்ளே தனியாக அமைதியான வழி என்று ஒன்று இல்லவே இல்லை. நேர்க்குழாயின் நடுவில் தகடு; தகடு மூடினால் அதைச் சுற்றி விரற்கடை இடைவெளியில் புகை பிதுங்கிப் போகிறது. அதனால் சத்தம் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் அழுத்தமும் வீணாகக் கூடும், கட்டைக் குரலும் அடங்காது. வாங்கும் முன் உள்ளமைப்பின் வரைபடத்தைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

விற்றுத் தொலைக்க மனமில்லாமல், கால் அலை குழாய் ஒன்றைப் பற்றவைத்தேன். ஜே-பைப் என்றும் சொல்வார்கள். பிரதான குழாயிலிருந்து கிளைத்து, மறுமுனை அடைக்கப்பட்ட வெற்றுக் குழாய் அது. அதற்குள் போன அலை மூடிய முனையில் மோதித் திரும்பி வரும்போது, சரியாக எதிர்க்கட்டத்தில் வந்து பிரதான அலையை அழிக்க வேண்டும். அதற்கு அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்க வேண்டும். புகை 350 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர். 80 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1.56 மீட்டர் வருகிறது. ஆனால் கிளைக்குழாயில் புகை ஓடுவதில்லை, தேங்கி நிற்கிறது. பிரதான குழாயைவிட அது குளிர்ந்திருப்பதால் ஒலி அங்கே மெதுவாகப் போகும், தேவைப்படும் நீளமும் குறையும். ஆகவே முனையை நிரந்தரமாக அடைக்காமல், உள்ளே வெளியே நகர்த்தக்கூடிய மூடி ஒன்றைக் கிளாம்ப் போட்டு வைத்து, நெடுஞ்சாலைக்குப் போய் ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்து நகர்த்தி, மறுபடியும் போய் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவானது. கடைசியில் 1.3 மீட்டருக்கு அருகில் நின்றபோதுதான், யாரோ ரேடியோவை அணைத்தது போல முழக்கம் விழுந்தது. அங்கேயே பற்றவைத்துவிட்டேன். 3,000-க்கு மேல் அந்தக் குழாயால் எந்த வேறுபாடும் இல்லை, ஸ்போர்ட் குரல் அப்படியே இருக்கிறது. ஆனால் வண்டிக்கடியில் அவ்வளவு நீளக் குழாயை வளைத்து நுழைக்க இடம் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

பதில்: இரவுப்பயணி

மூவருக்கும் மிக்க நன்றி. ஸ்பேனர் ஐயா சொன்னபடியே இன்று காலை வண்டி ஆறியிருக்கும்போது படுத்துப் பார்த்தேன். வலது தண்டு அசையவில்லை. இடது தண்டு விரலுக்கே தெரியும் அளவுக்கு மேலும் கீழும் ஆடுகிறது, ஆட்டும்போது அதே காசு ஓசை! சைலன்சரைத் தட்டினால் உள்ளே ஒன்றும் கலகலக்கவில்லை. வேக்குவம் ஹோஸ் எதுவும் கண்ணில் படவில்லை, நான்கு ஊசி (பின்) மின்இணைப்பு கொண்ட மோட்டார் இருக்கிறது.

கைபேசியில் அதிர்வெண் காட்டும் செயலியைப் போட்டு நெடுஞ்சாலையிலும் ஓட்டிப் பார்த்தேன். நான் வழக்கமாகப் போகும் வேகத்தில் எஞ்சின் 2,200 ஆர்பிஎம்மில் நிற்கிறது. 73 ஹெர்ட்ஸுக்கு அருகே சிறு முகடு தெரிகிறது. இப்போதைய சைலன்சரில் அது காதுக்குத் தொல்லையாக இல்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள். ரிமோட் வைத்து வால்வை நம் விருப்பப்படி திறந்து மூடும் கன்ட்ரோலர் போடுவது நல்லதா? என் வண்டியில் பெட்ரோல் துகள் வடிகட்டி இருக்கிறது; அதனால் எக்ஸாஸ்ட் தேர்வில் ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: வளைவுப்பாதை

இவ்வளவு அலைச்சல் எதற்கு என்று தோன்றுகிறது. சைலன்சருக்கு முன்னால் ஒய் வடிவக் குழாய் வைத்து, சைலன்சருக்குப் போகாமல் புகையை நேராக வெளியே விடும், மின்சாரத்தில் திறக்கும் கட்-அவுட் ஒன்றைப் பொருத்திவிட்டால் போதுமே. வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம், கம்பெனி சைலன்சரும் அப்படியே இருக்கும்.

பதில்: பதினான்காம் ஸ்பேனர்

வளைவுப்பாதை நண்பரே, கட்-அவுட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அது திறக்கும் இடம் வண்டியின் வயிற்றுக்கடியில் இருக்கிறது, பின் பம்பருக்கு வெளியே இல்லை. அங்கிருந்து கசியும் புகை தரையின் சிறு ஓட்டைகள் வழியாக உள்ளே வந்தால், அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கூடக் கிடையாது. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் வைத்துவிட்டால் சுத்திகரிக்காத புகை நேராக வெளியேறும். ஆக்சிஜன் சென்சாருக்கு அருகே மூடி சரியாகப் பொருந்தாமல் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால், எரிபொருள் குறைவாக இருப்பதாக எண்ணிக் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். இவை எல்லாவற்றையும் தாண்டினாலும், பெரும்பாலான நாடுகளின் பொதுச்சாலையில் அது சட்டத்துக்குப் புறம்பானது.

இரவுப்பயணி அவர்களே, கன்ட்ரோலரைப் பற்றி முதலில் சொல்கிறேன். உங்கள் மோட்டாரின் இணைப்பை வெறுமனே பிடுங்கினால், பல மாடல்களில் வால்வு நின்ற இடத்திலேயே நின்றுவிடும், டாஷ்போர்டில் பிழைக்குறியும் வரும். வேக்குவ வகைபோல ஸ்பிரிங் வந்து காப்பாற்றாது. நல்ல கன்ட்ரோலர், மோட்டார் தரும் நிலைச் செய்தியைத் தானே போலியாகக் கொடுத்துக் கம்ப்யூட்டரைச் சமாதானப்படுத்தும். ‘ஆட்டோ’ நிலைக்கு மாற்றினால் கட்டுப்பாட்டைக் கம்பெனி நிரலுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அந்த ‘ஆட்டோ’ வசதி இல்லாத பெட்டியைத் தொடவே வேண்டாம். அமைதி வேண்டும் என்பதற்காக வால்வை மூடியே வைத்துக்கொண்டு உயர் ஆர்பிஎம்மில் முழு மிதி மிதித்தால், புகை வெளியேறப் போதிய வழியின்றி டர்பைனுக்குப் பின்னால் அழுத்தமும் வெப்பமும் ஏறும். கம்பெனி நிரல் ஆர்பிஎம், மிதி, கியர், ஓட்டும் முறை ஆகியவற்றைப் பார்த்துத்தான் திறக்கிறது; அந்த அறிவு ரிமோட் பொத்தானுக்குக் கிடையாது. பின்னால் ‘பட் பட்’ என்று வெடிக்கும் ஓசைக்காகக் கன்ட்ரோலர் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த வெடிப்பை உண்டாக்குவது எரிபொருள், இக்னிஷன் நிரல்தான், வால்வு அதை வெளியே கேட்க விடுகிறது, அவ்வளவே.

எப்போது திறக்க வேண்டும் என்ற முடிவில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. ஐ.நா.வின் 51-ஆம் ஒழுங்குமுறைப்படி, வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சோதனைப் பாதையைக் கடக்கும்போது, பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டரில் இருக்கும் மைக்ரோஃபோனில் ஒலியை அளக்கிறார்கள். அந்த ஒரு வேகத்தில் மட்டும் சாதுவாக இருந்துவிட்டு, அதைத் தாண்டியதும் வாயைத் திறக்கும்படி வால்வை நிரல்படுத்தும் தந்திரம் எடுபடாதபடி, சோதனைக்கு வெளியே உள்ள வேகங்களுக்கும் கூடுதல் விதிகளைச் சேர்த்திருக்கிறார்கள். மாற்று சைலன்சர்களுக்கு 59-ஆம் ஒழுங்குமுறை தனியாக இருக்கிறது. உங்கள் நாடு எதை ஏற்கிறதோ அந்த ஒப்புதல் முத்திரை சைலன்சரின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

துகள் வடிகட்டி இருப்பதால் இரண்டு விஷயங்கள். ஒரே மாடலில் வடிகட்டி உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் நடுக்குழாய் இணையும் இடம் மாறும்; ஆகவே மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல், வண்டியின் சேசி எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்து வாங்குங்கள். மேலும், வடிகட்டி தானே ஒரு சைலன்சரைப் போல ஒலியை மழுக்கும். வடிகட்டி இல்லாத வண்டியில் பதிவான காணொளியைக் கேட்டு வாங்கினால், உங்கள் வண்டியில் அந்தக் குரல் வராது. அதற்காக வடிகட்டியையோ கேட்டலிடிக் கன்வெர்ட்டரையோ எடுத்துவிடச் சொல்லும் பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், உங்களுக்கு ஆக்சில்-பேக் போதும். அதிலும் உங்கள் பழைய மோட்டாரையே கழற்றி மாட்டிக்கொள்ளும் வடிவமைப்பைத் தேடுங்கள். ஸ்போர்ட் பொத்தான் இப்போது போலவே வேலை செய்யும், பிழைக்குறியும் வராது. தார்ச்சாலை பட்ட அவதியை மனத்தில் வைத்து, மூடிய நிலைக்கு உள்ளே தனி வழி இருக்கிறதா என்று வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதே எக்ஸாஸ்ட் மாட்டிய வண்டி யாரிடமாவது இருந்தால், வெளியே நின்று திறந்த குரலை ரசிப்பதற்கு முன், பின் இருக்கையில் உட்கார்ந்து, வால்வை மூடி, 2,200-இல் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாழப்போவது பெரும்பாலும் அந்தக் குரலோடுதான்.

உலோகத்தைப் பொறுத்தவரை, 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருப்பதால் துருவை நன்றாகத் தாங்கும். 409 வகையில் குரோமியம் 11 சதவீதம் அளவுக்குத்தான். மேலே செந்துரு படியும், ஆனால் நீண்ட நாள் உழைக்கும். காந்தம் வைத்துப் பாருங்கள்: 409 இழுக்கும், 304 அநேகமாக இழுக்காது. டைட்டானியத்தின் அடர்த்தி ஸ்டீலில் பாதியைவிடச் சற்று அதிகம். எடை குறையும், மெல்லிய சுவரால் குரல் சற்றுக் கூர்மையாகும், காசும் அதற்கேற்பக் கரையும். தினசரி வண்டிக்கு 304 போதும்.

மாட்டும் நாளுக்குச் சில குறிப்புகள். மோட்டாரைக் கழற்றும் முன் தண்டும் நெம்புகோலும் நிற்கும் நிலையைப் பெயிண்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். தகடு கால் சுற்று தவறிப் பொருந்தினால், திறக்கச் சொல்லும்போது மூடும், எல்லையைத் தொட முடியாமல் மோட்டார் பிழை காட்டும். 304 குழாய் சூட்டில் நன்றாக நீளும். ஒன்றரை மீட்டர் குழாய் 400 டிகிரி ஏறினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். குளிர்ந்திருக்கும்போது பம்பரின் ஓரத்தை ஒட்டி அழகாக நிற்கும் வாய், சூட்டில் அதைத் தொட்டு உருக்கிவிடும், ஆகவே இடம் விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். முதல் முறை நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு கிளாம்ப்களை மறுபடியும் முறுக்க வேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குறுந்தூர ஓட்டங்களில் அது ஆவியாகப் போகாமல் சைலன்சருக்குள்ளேயே தேங்கும். உங்கள் புஷ் தேய்ந்ததற்கும் இந்த ஈரமும் கரியும் சேர்ந்த கூட்டணிதான் காரணமாக இருக்கும். புதியதில் அடிப்புறம் சிறு வடிதுளை இருந்தால் அதைக் கசிவு என்று நினைத்து யாரும் பற்றவைத்து மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறையாவது ஸ்போர்ட் முறையில் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி, தண்டு ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை முழுவதும் அசைய வழி செய்யுங்கள்.

புதியது வந்து சேரும் வரை, வண்டி ஆறியிருக்கும்போது இடது தண்டில் உயர்வெப்பத்துக்கான செம்புப் பசையைத் தடவிப் பாருங்கள். தேய்மானம் போகாது, ஆனாலும் நான்கு மணிக்கு அந்தக் காசு ஓசை ஓரளவு அடங்கும். சாதாரண கிரீஸ் வேண்டாம். முதல் மேட்டிலேயே கருகிப் புகைந்துவிடும்.